டர்ட் பைக் குதிக்க மண் மேடு கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் முழுக்க ஒரே ஒரு மேட்டைப் பற்றியது. ஏற்றம் 6 மீட்டர், மேல்தட்டு 6 மீட்டர், இறக்கம் 5.5 மீட்டர், உயரம் 1.17 மீட்டர். கைக்கு அடக்கமான அளவு. ஹீரோ எக்ஸ்பல்ஸ் மாதிரியான, மண்பாதையிலும் ஓடும் பைக்கில் ஓரளவு பழகியவர்கள் குதிக்கலாம். கீழே வரும் கணக்குகள் எல்லாம் இந்த மேட்டுக்கே பொருந்தும். ஒரு அளவை மாற்றினால் மற்றவையும் மாறும்.

முதல் மேட்டை எந்த வடிவத்தில் கட்டுவது?

டேபிள்டாப். அதாவது ஏறும் சரிவுக்கும் இறங்கும் சரிவுக்கும் நடுவே பள்ளம் விடாமல், மேசை மாதிரி தட்டையாக நிரப்பிய மேடு. வேகம் போதாமல் குதித்தால் தட்டின் மேலேயே இறங்கிவிடலாம், அவ்வளவுதான். நடுவில் பள்ளம் விட்ட 'டபுள்' கட்டினால் மண் பாதிதான் ஆகும், அந்த ஆசையில்தான் பலர் அதில் இறங்குகிறார்கள். ஆனால் அதில் வேகம் குறைந்தால் முன்சக்கரம் எதிர் மேட்டின் முகத்தில் போய் முட்டும். மண் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது இல்லை.

ஏற்றம் மட்டும் கட்டி, அந்தப் பக்கம் சமதரையில் இறங்குவது அதைவிட மோசம். ஏன் என்பது வேகக் கணக்கில் வரும்.

எவ்வளவு இடம் வேண்டும்?

மேடு மட்டும் 17.5 மீட்டர் நீளம். அதற்கு முன்னால் நேராக ஓடி வர 30 மீட்டர், இறங்கியபின் நிறுத்த 40 மீட்டர். மொத்தம் 90 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலம் 15 மீட்டராவது வெறுமையாக இருக்க வேண்டும், ஏனென்றால் காற்றில் கோணிய பைக் நேர்கோட்டில் இறங்காது. சுமார் 33 சென்ட் நிலம் ஆகும். அந்த 15 மீட்டருக்குள் கல்லுக்கால் வேலி, கிணறு, தென்னை, போர்வெல் குழாய், மின்கம்பத்தின் இழுகம்பி எதுவும் இருக்கக் கூடாது. இழுகம்பி தூரத்திலிருந்து கண்ணுக்கே தெரியாது, அதனால் நடந்து பார்த்துச் சரிபாருங்கள்.

கிழக்கு மேற்காக அமைத்தால் காலையிலோ மாலையிலோ வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். வடக்கு தெற்காக வைப்பது நல்லது.

ஏற்றத்தின் வளைவை எப்படிக் குறிப்பது?

சமதரையிலிருந்து திடீரென்று 18 டிகிரிக்கு மடங்கினால் முன் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் குழாய்கள்) அடிவரை அமுங்கி அடிக்கும். அதனால் ஏற்றம் 15 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் துண்டாக மெல்ல எழ வேண்டும். கடைசி 1.4 மீட்டர் மட்டும் வளைவில்லாமல் 18 டிகிரியில் நேராகப் போக வேண்டும்.

இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஏற்றம் தொடங்கும் இடத்தில் சுழியம் வைத்து, இரு ஓரத்திலும் மீட்டருக்கு ஒரு முளை அடியுங்கள். கொத்தனாரின் டியூப் லெவலை வைத்து எல்லா முளையிலும் ஒரே தரைமட்டத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு மேல் இந்த உயரங்களில் கோடு போடுங்கள்: 1 மீட்டரில் 3 சென்டிமீட்டர், 2ல் 13, 3ல் 30, 4ல் 54, 5ல் 85, 5.97ல் 117. இந்தக் கோடுகளைக் கயிற்றால் இணைத்தால் வளைவு கண்முன் நிற்கும்.

நேரான பகுதியின் கோணத்தைச் சரிபார்க்க ஒரு மீட்டர் நீள ரசமட்டம் போதும். ஒரு முனையைச் சரிவில் வைத்துக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். மறுமுனைக்கும் மண்ணுக்கும் இடைவெளி 32.5 சென்டிமீட்டர் இருந்தால் 18 டிகிரி. இறக்கச் சரிவு 12 டிகிரி; அங்கே 21 சென்டிமீட்டர் வர வேண்டும்.

எந்த வேகத்தில் போனால் எங்கே இறங்கும்?

ஏற்றத்தின் விளிம்பைத் தாண்டும்போது பைக்கின் வேகம் என்ன என்பதுதான் கணக்கு. ஓடி வரும் வேகம் அல்ல.

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் பைக் 4 மீட்டருக்குச் சற்று மேல் பறந்து மேல்தட்டிலேயே இறங்கும். 36ல் சரியாகத் தட்டு முடிந்து இறக்கம் தொடங்கும் முனையைத் தொடும். 40ல் விளிம்பிலிருந்து 9 மீட்டரில், அதாவது இறக்கச் சரிவின் நடுவில் இறங்கும். நாம் குறிவைப்பது இதைத்தான். 43ஐத் தாண்டினால் சரிவு தீர்ந்துவிடும். 45ல் 12 மீட்டருக்குச் சற்று மேல் பறந்து அடிவாரத்தைக் கடந்து சமதரையில் விழும்.

அந்த 5 கிலோமீட்டர் வித்தியாசம் உடம்புக்கு என்ன செய்யும் என்று பாருங்கள். 40ல் சரிவில் இறங்கும்போது சஸ்பென்ஷன் வாங்கும் அடி, சுமார் 35 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 45ல் சமதரையில் விழுந்தால் அது 1.9 மீட்டர். சரிவு இருந்தால் பைக் இறங்கும் திசையிலேயே மண்ணும் இறங்குகிறது, இல்லாவிட்டால் எதிர்த்து நிற்கிறது. 30ல் மேல்தட்டில் இறங்கினாலும் அடி 34 சென்டிமீட்டர் அளவுதான். குறைவாகக் குதிப்பவருக்கு டேபிள்டாப்பில் தண்டனை கிடையாது, அதிகமாகக் குதிப்பவருக்குத்தான்.

ஒரு எச்சரிக்கை: இது பைக்கை ஒரு புள்ளியாக வைத்துப் போட்ட கணக்கு. விளிம்பில் ஆக்சிலரேட்டர் முறுக்குவது, சஸ்பென்ஷன் உதைத்து எழுவது எல்லாம் தூரத்தை மாற்றும். ஸ்பீடோமீட்டரும் பெரும்பாலும் கொஞ்சம் கூட்டியே காட்டும். சக்கரம் மண்ணில் வழுக்கினால் இன்னும் கூட்டும்.

எந்த மண் நல்லது?

களி கொஞ்சம் கலந்த செம்மண். கோவை, ஓசூர் பக்கங்களில் கிடைக்கும் செம்மண் பெரும்பாலும் அப்படியே பயன்படும். வெறும் மணலில் விளிம்பு நிற்காது. வெறும் களிமண் ஈரத்தில் சோப்பு மாதிரி வழுக்கும், காய்ந்தால் கட்டிகட்டியாக உடையும். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் இன்னும் சங்கடம்: தண்ணீர் பட்டால் உப்பும், வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதில் கட்டிய மேடு ஒரு கோடை தாண்டாது. கரிசல் பூமியில் கட்டத்தான் வேண்டுமென்றால் மேடு முழுவதற்கும் செம்மண்ணோ கிராவலோ கொண்டுவந்து கொட்டுங்கள். கரிசலை அடித்தளமாக மட்டும் விடுங்கள்.

சோதிப்பது எளிது. ஒரு லிட்டர் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சலவைத்தூள் போட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல். இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். மறுநாள் வரை கலங்கி நின்று மெல்லப் படிவது களி. களி மொத்தத்தில் நான்கில் ஒரு பங்கை ஒட்டி இருந்தால் போதும்.

எத்தனை லோடு மண் ஆகும்?

ஏற்றத்தின் அகலம் 3 மீட்டர். இறக்கம் 4 மீட்டர், ஏனென்றால் புறப்படும் இடம் நம் கையில், இறங்கும் இடம் அப்படியல்ல. பக்கச் சரிவுகளையும் சேர்த்தால் இறுகிய நிலையில் 60 கன மீட்டருக்குச் சற்று மேல் வரும். கொட்டிய மண் இறுகும்போது கால் பங்கு குறையும், விளிம்பைச் செதுக்கவும் கொஞ்சம் கழியும். ஆகவே 30 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி), அதாவது 3 யூனிட் டிப்பரில் 10 லோடு. பத்து லோடா என்று மலைப்பவர்கள் மேட்டின் உயரத்தைக் குறைக்கட்டும். இறக்கத்தை வெட்டக் கூடாது.

சவுடு, கிராவல் எல்லாம் அரசுக் கணக்கில் கனிமம். கனிமவளத் துறையின் அனுமதிச் சீட்டு உள்ள லாரியில்தான் மண் எடுக்க வேண்டும். ஏரிக்கரை, புறம்போக்கு, காட்டு நிலம் பக்கம் மேடு கட்டவோ மண் தோண்டவோ போகாதீர்கள். சொந்த நிலம், அல்லது உரிமையாளர் எழுதிக் கொடுத்த நிலம்.

கட்டும் முறை என்ன?

முதலில் 18 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலத்துக்கு மேல்மண்ணை 15 சென்டிமீட்டர் வழித்து எடுங்கள். புல், வேர் இருக்கும் மண்ணின்மேல் கட்டினால் அவை மக்கி அடியில் வெற்றிடம் விழும். வழித்த தரையை ஜேசிபி பக்கெட்டின் பல்லால் கீறிவிடுங்கள். வழவழப்பான தரையில் புது மண் ஒட்டாது.

பிறகு அடுக்கடுக்காக. ஒரு அடுக்குக்கு 20 சென்டிமீட்டர் மண் பரப்பி, அது 15 சென்டிமீட்டராக இறுகும் வரை அடிக்க வேண்டும். 1.17 மீட்டருக்கு எட்டு அடுக்கு. ஒவ்வொரு அடுக்கின் மேற்பரப்பையும் லேசாகக் கீறி, நீர் தெளித்து, அடுத்ததைப் பரப்புங்கள். இல்லாவிட்டால் சப்பாத்தி அடுக்கியது போல் ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடக்கும், ஒருநாள் மேலடுக்கு அப்படியே வழுக்கிக் கழன்று வரும்.

ஈரப்பதம்தான் இந்த வேலையின் உயிர். ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் இறுக்குங்கள். உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது. அந்த உருண்டையை இடுப்பு உயரத்திலிருந்து கெட்டித் தரையில் போடுங்கள். இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் பதம் சரி. பொடிப்பொடியாகச் சிதறினால் தண்ணீர் போதாது, சப்பையாக ஒட்டிக்கொண்டால் அதிகம். கோடையில் காய்ந்த மண்ணை இந்தப் பதத்துக்குக் கொண்டுவர 100 டன் மண்ணுக்கு 6,000 லிட்டர் தண்ணீராவது ஆகும். வெயிலில் ஆவியாவதையும் சேர்த்தால் இரண்டு டேங்கர் சொல்லி வைப்பது நல்லது. மேலே குழாயால் பீய்ச்சுவதைவிட, குவியலாகக் கிடக்கும்போதே முந்தைய நாள் மாலை நனைத்து வைத்தால் ஈரம் உள்ளே சமமாகப் பரவும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்ததும் கட்டினால் பாதித் தண்ணீர் மிச்சம். மண்ணிலேயே ஈரம் இருக்கும்.

ஜேசிபி பக்கெட்டால் தட்டினால் போதாதா?

போதாது. பக்கெட்டின் அடி மேலே ஒரு சாண் மண்ணை மட்டும்தான் இறுக்கும், உள்ளே மண் பொலபொலவென்றே கிடக்கும். பார்க்க மேடு கல் மாதிரி இருக்கும், முதல் மழைக்கு நடுவில் குழி விழும். ஜேசிபியை அடுக்கின்மேல் முன்னும் பின்னும் ஓட்டுவது ஓரளவு உதவும், ஆனால் சக்கரத் தடம் விழுந்த கோட்டில் மட்டும். ஒரு டன் வைப்ரேஷன் ரோலர் வாடகைக்குக் கிடைத்தால் மேல்தட்டுக்கும் இறக்கத்துக்கும் அது. ஏற்றத்துக்கும் ஓரங்களுக்கும் பெட்ரோலில் ஓடும் ராம்மர் (மண்ணை இடித்து இறுக்கும் சிறு இயந்திரம்). ராம்மர் எட்டாத மூலைகளுக்குக் கையால் இடிக்கும் திமிசுக் கட்டை. குதிகாலால் ஓங்கி மிதித்தால் பள்ளம் விழாத அடுக்குதான் முடிந்த அடுக்கு.

விளிம்பு ஏன் சீக்கிரம் உடைகிறது?

ஓரத்தில் நின்று அடிக்கும்போது மண் பக்கவாட்டில் நகர்ந்துவிடும், இறுகாது. அதனால் விளிம்பை விளிம்பில் கட்டக் கூடாது. ஏற்றத்தை அளவைவிட 30 சென்டிமீட்டர் கூடுதல் தடிமனாகவும் நீளமாகவும் கட்டி முழுவதும் இறுக்கிவிட்டு, மறுநாள் மண்வெட்டியால் சீவி அளவுக்குக் கொண்டுவாருங்கள். சீவிய பரப்பில் மண்வெட்டியின் தடம் மெழுகு போல் பளபளத்தால் உள்ளேயும் நன்றாக இறுகியிருக்கிறது என்று அர்த்தம். பொலபொலவென்று உதிர்ந்தால் அந்த இடத்தைத் தோண்டி மறுபடி அடியுங்கள். விளிம்புக்குப் பின்னால் மேல்தட்டு ஒரு கையளவு தாழ்ந்திருப்பது நல்லது. எங்கே புறப்படுகிறோம் என்பது தெளிவாகத் தெரியும்.

உள்ளே பழைய டயர், இடித்த கட்டடக் கழிவு போட்டு மண்ணைக் குறைக்கலாமா?

டயர் வேண்டாம். அது அமுங்கி எழும், சுற்றியுள்ள மண் ஒருபோதும் இறுகாது. செங்கல், காங்கிரீட் துண்டுகளைக் கையளவுக்குள் உடைத்து, கம்பி பொறுக்கி எடுத்து, அடியில் 40 சென்டிமீட்டருக்குள் மட்டும் போடலாம். ஒரே ஒரு கம்பி மேலே எட்டிப் பார்த்தாலும் அது டயருக்கு மட்டும் ஆபத்தில்லை.

குதிக்கும்போது பின்பக்கம் தூக்கி அடிக்கிறது. மேட்டில் தவறா, என்னிடமா?

முதலில் மேட்டைப் பாருங்கள். வளைவில் 40 வேகத்தில் ஏறும்போது பைக்கின் எடை ஏறக்குறைய 1.8 மடங்காகிறது, ஸ்பிரிங் அந்த அளவுக்கு அமுங்கியிருக்கும். வளைவு விளிம்பு வரை நீண்டால் அமுங்கிய ஸ்பிரிங் விளிம்பில்தான் விரியும், பின்சக்கரத்தை எகிறடிக்கும். கடைசி 1.4 மீட்டரை நேராக விடச் சொன்னது இதற்குத்தான். விடுபடுவதற்குள் ஸ்பிரிங் பழைய நிலைக்கு வந்துவிடும். பலபேர் குதித்த மேட்டில் விளிம்புக்குச் சற்று முன்னால் சக்கரம் தோண்டிய கிண்ணம் இருக்கும். அதுவும் இதே வேலையைச் செய்யும்.

மேடு சரியாக இருந்தால், விளிம்பில் பயந்து ஆக்சிலரேட்டரை விடுகிறீர்கள். ஒரே சீராகப் பிடித்தபடி தாண்டுங்கள். காற்றில் மூக்கு கீழே போனால் ஆக்சிலரேட்டரைத் திறக்க, சுழலும் பின்சக்கரம் மூக்கைத் தூக்கும். மூக்கு அதிகம் தூக்கினால் கிளட்சைப் பிடித்துப் பின் பிரேக்கை மிதிக்க, மூக்கு இறங்கும். கிளட்ச் பிடிக்காமல் மிதித்தால் என்ஜின் நின்றுவிடும்.

எந்த பைக் தாங்கும்?

எக்ஸ்பல்ஸ் 200 4வியில் சஸ்பென்ஷன் நகர்வு, அதாவது சக்கரம் மேலும் கீழும் அசையக்கூடிய தூரம், முன்னால் 190, பின்னால் 170 மில்லிமீட்டர். எடை சுமார் 160 கிலோ. இந்த மேட்டுக்கு அது போதும், இதைவிடப் பெரிதுக்கு அல்ல. ஹிமாலயன் 450ல் இரண்டு பக்கமும் 200 மில்லிமீட்டர் உண்டு, ஆனால் எடை 196 கிலோ. 36க்கு மேல் வேண்டாம். குதிப்பதற்கென்றே பிறந்த 250 சிசி மோட்டோகிராஸ் பைக்குகள் 300 மில்லிமீட்டர் நகர்வோடு 110 கிலோவுக்குள் இருக்கும். தினமும் வேலைக்குப் போகும் 100 சிசி வண்டியைக் கொண்டுவராதீர்கள், ஃபோர்க் வளையும்.

கேரியர், பெட்டி, சைடு ஸ்டாண்டில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஸ்போக்குகளை ஒவ்வொன்றாக ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். இறுகியது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மொத்தென்று.

முதல் நாள் எப்படி ஓட்டுவது?

மேட்டின்மேல் முதலில் நடந்து போங்கள். பிறகு 15 வேகத்தில், சக்கரம் தரையை விடாமல் பத்து முறை ஏறி இறங்குங்கள். அதன்பின் 25, 30. மேல்தட்டில் இறங்குவது பழகி, உடம்பின் விறைப்பு போனபிறகுதான் 36ஐத் தாண்ட வேண்டும். நின்றபடி, முட்டியும் முழங்கையும் மடங்கி இருக்கட்டும். உட்கார்ந்து குதித்தால் இருக்கை முதுகெலும்பில் அடிக்கும்.

முழுமுக ஹெல்மெட், கண்ணாடி, மார்புக் கவசம், முட்டிக் கவசம், கணுக்கால் மூடிய பூட்ஸ். தனியாகக் குதிக்கவே வேண்டாம். ஏறி வருபவருக்கு இறக்கம் தெரியாது, ஆகவே மேல்தட்டின் பக்கவாட்டில் 5 மீட்டர் தள்ளி ஒருவர் மஞ்சள் கொடியோடு நிற்க வேண்டும். கீழே யாராவது விழுந்து கிடந்தால் கொடி உயரும், அடுத்தவர் நிறுத்துவார். விழுந்தவர் கழுத்து, முதுகு வலி என்றாலோ, கால் மரத்துவிட்டது என்றாலோ அவரைத் தூக்காதீர்கள், ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு 108க்கு அழையுங்கள். மேடு இருக்கும் இடத்துக்கு ஆம்புலன்ஸ் வரும் வழி திறந்திருக்கிறதா, கேட்டின் சாவி யாரிடம் என்று காலையிலேயே பார்த்து வையுங்கள்.

பலகை ரேம்ப் வைத்துக் குதிக்கலாமா?

சைக்கிளுக்குச் சரி. 160 கிலோ பைக்கும் 70 கிலோ ஆளும் 1.8 மடங்கு எடையில் ஏறும்போது பிளைவுட் நொறுங்கும், ஈரமானால் வழுக்கும். இரும்பு ரேம்ப்பில் குதிக்கும் ஃப்ரீஸ்டைல்காரர்களும் 75 அடி தாண்டி இறங்குவது பெரிய மண் சரிவின்மேல்தான்.

மழை பெய்தபின் எத்தனை நாள் விட வேண்டும்?

நாளை எண்ணாதீர்கள். விளிம்பில் கட்டைவிரலை அழுத்துங்கள். பள்ளம் விழுந்தால் இன்னும் காயவில்லை. ஈர மேட்டில் ஒரே ஒருவர் ஏறினாலும் விளிம்பில் தடம் விழும், அது காய்ந்தால் தண்டவாளம். அடுத்தவரின் சக்கரம் அது இழுத்த பக்கம் போகும். மழைக்காலத்தில் ஏற்றத்தை மட்டுமாவது தார்ப்பாய் போட்டு மூடுங்கள். மேல்தட்டு ஒரு பக்கமாக, மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சாய்ந்திருந்தால் தண்ணீர் தேங்காது. சுற்றி ஒரு முழ அகலத்தில் வாய்க்கால் வெட்டுங்கள்.

பழுதை எப்படிச் சரிசெய்வது?

பள்ளத்தில் காய்ந்த மண்ணைப் போட்டு மிதித்துவிட்டுப் போவதுதான் வழக்கம். மூன்றாவது குதிப்பில் அது பறந்துவிடும். பள்ளத்தைச் சுற்றித் தளர்ந்த மண்ணை முழுக்க வெட்டி எடுத்து, ஓரங்களைச் செங்குத்தாக்கி, நனைத்து, ஒரு மணி நேரம் விட்டு, பதமான மண்ணை அடுக்கடுக்காகப் போட்டுத் திமிசுக் கட்டையால் அடியுங்கள். அப்போதே எலி வளைகளையும் தேடுங்கள். மேல்தட்டில் கவனிக்காமல் விட்ட வளையில் மழைநீர் புகுந்தால் உள்ளுக்குள் சுரங்கம் வெட்டிவிடும்.

இது சலித்துவிட்டது. உயரத்தைக் கூட்டலாமா?

உயரத்தையும் ஏற்றத்தையும் தொடாதீர்கள், நீளத்தைக் கூட்டுங்கள். இறக்கத்தை 2 மீட்டர் பின்னால் தள்ளி, மேல்தட்டை 8 மீட்டர் ஆக்கினால் இறக்கத்தின் முனையைத் தொட 36க்குப் பதில் 42 வேகம் வேண்டும், 48 வரை சரிவிலேயே இறங்கலாம். இன்னும் இரண்டு மூன்று லோடு மண், அதே எட்டு அடுக்கு. நிறுத்தும் தூரத்தை 50 மீட்டராக்க இடம் இருந்தால் மட்டும்.